சுவர் ஓதம்: டப்பா வாங்கும் முன் ஒரு கணக்கு

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் பெயிண்ட் கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "அண்ணே, சுவத்துல ஓதம் அடிக்குது. நல்லதா ஏதாவது குடுங்க." கடைக்காரரும் ஒரு டப்பாவை எடுத்து மேசை மேல் வைப்பார். "இதை ரெண்டு கோட்டு அடிங்க, அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல." நாமும் விலையைக் கேட்டு, கொஞ்சம் பேரம் பேசி, வாங்கி வந்துவிடுகிறோம். எந்தச் சுவர், ஈரம் எந்த உயரத்தில் இருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கடைக்காரரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். படுக்கையறைச் சுவரில் பீரோவுக்குப் பின்னால் பெயிண்ட் பொரிந்து உதிர்ந்தது. முதல் ஆண்டு பட்டி பார்த்து, ஓதம் தடுக்கும் பூச்சு அடித்தோம். எட்டே மாதத்தில் மறுபடியும் அதே இடம். அடுத்த ஆண்டு இன்னும் விலை கூடிய பூச்சு வாங்கினோம். இரண்டு முறையும் பொருள், கூலி எல்லாம் சேர்த்து ரூ.14,000 போனது. மூன்றாவது முறை வந்த கொத்தனார் டப்பாவைப் பற்றிப் பேசவே இல்லை. நேராகப் பக்கத்துக் குளியலறைக்குப் போய்க் குழாய் போகும் இடத்தில் இரண்டு டைல்ஸைப் பெயர்த்தார். உள்ளே ஒரு எல்போவில் விரிசல். சரிசெய்ய ஆன செலவு ரூ.1,500-க்குள்தான். சுவர் மூன்று மாதம் காய்ந்தபின் சாதாரணப் பெயிண்ட் அடித்தோம். அதற்குப் பிறகு அங்கே ஓதம் இல்லை.

அந்த ரூ.14,000 உங்கள் வீட்டில் வீணாகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பாடம். கையில் ஒரு பென்சில், ஒரு டேப், உங்கள் ஸ்மார்ட்போன் இருந்தால் போதும்.

முதலில் ஒரு எச்சரிக்கை: ஈரமான சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தாலோ, தொட்டால் சுர்ரென்று இருந்தாலோ, பூச்சு பற்றி யோசிக்காதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பாடம் 1: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

சுவர் ஓதத்துக்குப் பெரும்பாலும் நான்கு வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது.

அ. தரையிலிருந்து ஏறும் ஈரம். தரைத்தள வீடுகளில், சுவரின் அடிப்பகுதியில் மூன்று நான்கு அடி உயரம் வரை பட்டையாகத் தெரியும். உப்பு வெள்ளையாகப் பூத்து, பூச்சு மாவாக உதிரும். பேஸ்மட்டத்தில் ஓதம் தடுக்கும் அடுக்கு போடாத வீடுகளிலும், தெரு மட்டம் உயர்ந்து வீடு தாழ்ந்துபோன இடங்களிலும் இது சகஜம். கடலோர ஊர்களில், உப்பு நீர் உள்ள இடங்களில் தொல்லை இன்னும் அதிகம்.

ஆ. மழை ஊறுவது. வெளிச்சுவரின் உள்பக்கம் மட்டும் திட்டுத் திட்டாக ஈரம் தெரியும். மழை பெய்து சில மணி நேரத்திலோ மறுநாளோ கூடும், வெயில் அடித்தால் குறையும். விரிசல், ஜன்னல் ஓரம், சன்ஷேடு சுவரோடு சேரும் இடம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் அடி ஆகியவைதான் தண்ணீர் நுழையும் வழிகள்.

இ. குழாய்க் கசிவு. மழைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கோடையிலும் ஈரம் அப்படியே இருக்கும். சுவருக்குப் பின்னால் குளியலறையோ சமையலறை சிங்க்கோ இருக்கும், அல்லது மேல்தளத்தில் கழிவறை இருக்கும்.

ஈ. காற்றின் ஈரம் படிவது. ஏ.சி. ஓடும் அறை, ஜன்னல் திறக்காத அறை, வீட்டுக்குள்ளேயே துணி காயப்போடும் அறை ஆகியவற்றில் மூலையிலும் பீரோவுக்குப் பின்னாலும் கருப்புப் பூஞ்சை வரும். உப்புப் பூக்காது. இதற்குப் பெரும்பாலும் டப்பாவே வேண்டாம். ஜன்னலைத் திறப்பதும், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும், பீரோவை நான்கு அங்குலம் தள்ளி வைப்பதும் போதும். குழந்தைகளுக்கோ பெரியவர்களுக்கோ இழுப்பு இருந்தால் இந்தப் பூஞ்சையை அலட்சியம் செய்யாதீர்கள்.

பாடம் 2: வீட்டிலேயே செய்யக்கூடிய நான்கு சோதனைகள்

ஒன்று, பென்சில் கோடு. ஈரம் எங்கே முடிகிறதோ அந்த எல்லையைப் பென்சிலால் வரைந்து, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரே இடத்தில் நின்று, வாரம் ஒரு முறை போனில் படம் எடுங்கள். மழை பெய்த மறுநாளும் ஒரு படம். ஒரு மாதப் படங்களை வரிசையாகப் பார்த்தால், மழையோடு கூடுகிறதா, எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று உங்களுக்கே புரிந்துவிடும். பின்னால் பில்டரிடமோ மேல்வீட்டுக்காரரிடமோ பேசும்போதும் இந்தப் படங்கள்தான் ஆதாரம்.

இரண்டு, பாலிதீன் சோதனை. சுவரைத் துணியால் துடைத்துவிட்டு, ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். ஒரு நாள் முதல் இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம், நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் துளி இருந்தால் அறைக் காற்றின் ஈரம்.

மூன்று, தொட்டி மட்டம். இரவு தூங்கப் போகும் முன் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாரும் போடக்கூடாது. காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. முதலில் ஃபிளஷ் டேங்கைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் சுவருக்குள் போகும் குழாயைச் சந்தேகப்படலாம்.

நான்கு, தேக்கிப் பார்ப்பது. குளியலறையின் தண்ணீர் போகும் வழியைத் துணியால் அடைத்து, ஓர் அங்குல உயரம் தண்ணீரை 24 மணி நேரம் தேக்கி வையுங்கள். கீழே, பக்கத்தில் ஈரம் கூடுகிறதா என்று பாருங்கள். மொட்டைமாடியிலும் சந்தேகப்படும் பகுதியை மட்டும் சிறு வரப்புக் கட்டித் தேக்கிப் பார்க்கலாம். பழைய, தொங்கிய, கம்பி தெரியும் தளத்தில் இதைச் செய்யாதீர்கள். பாரம் தாங்காது.

பாடம் 3: செலவு யாருடையது?

கடைக்குப் போகும் முன் இந்தக் கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யப்பட்ட திட்டத்தில் வாங்கிய புது ஃபிளாட் என்றால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 14(3) உங்களுக்குத் துணை. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை இருப்பதைத் தெரிவித்தால், கட்டியவர் கூடுதல் காசு வாங்காமல் 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். போனில் சொன்னால் போதாது. மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ, படங்களோடு எழுதுங்கள். நீங்களே ஆள் வைத்துச் சுவரைக் கொத்திவிட்டால், "நீங்கதான் கெடுத்தீங்க" என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.

வாடகை வீடு என்றால், தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் கட்டடம் சார்ந்த பழுதுகளையும் சுவருக்கு வெள்ளையடிப்பதையும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பில் வைத்திருக்கிறது. வாடகைதாரரால் வந்த சேதம் இதில் சேராது. உங்கள் ஒப்பந்தத்தில் பழுது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள்.

அடுக்குமாடியில் மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து இறங்கும் ஈரத்துக்கு, நம் வீட்டுக் கூரையில் எந்தப் பூச்சு அடித்தாலும் பயன் இல்லை. குடியிருப்போர் சங்கம் மூலம், தேக்கிப் பார்த்த சோதனையின் படங்களோடு பேசுவதுதான் வழி.

பாடம் 4: எந்த ஓதத்துக்கு எந்தப் பொருள்?

அடிப்படை விதி ஒன்று உண்டு: தண்ணீர் எந்தப் பக்கம் நுழைகிறதோ, அந்தப் பக்கம்தான் தடுக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் மழைக்கு உள்ளே பூச்சு அடித்தால் தண்ணீர் சுவருக்குள்ளேயே தங்கி, வேறு இடத்தில் வெளிவரும்.

சிமெண்டில் கலக்கும் நீர்க்காப்புத் திரவம் அல்லது பொடி: புதிதாகப் பூசும்போது கலவையில் சேர்ப்பது. திரவ வகைகளில் 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லி என்பது பரவலாகக் காணப்படும் அளவு. ஆனால் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சரியான அளவு. "கூட ஊத்தினா இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்" என்பது தவறு. இதைப் பழைய சுவரின் மேல் நேரடியாகத் தடவியும் பயன் இல்லை.

பொடியும் திரவமும் சேர்ந்து வரும் பாலிமர் சிமெண்ட் பூச்சு: குளியலறை, கழிவறைத் தளம், தண்ணீர்த் தொட்டி, தளமும் சுவரும் சேரும் மூலை ஆகியவற்றுக்கு. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே அடிக்க வேண்டும்.

வெளிச்சுவர் எலாஸ்டிக் பூச்சு: மயிரிழை விரிசல்களை மூடி, வெயிலில் சுவர் விரியும்போது கூடவே நீளும். மழை ஊறும் வெளிச்சுவருக்கு ஏற்றது. பெரிய விரிசலை முதலில் நோண்டி, விரிசல் நிரப்பி வைத்து அடைத்த பிறகே அடிக்க வேண்டும்.

சிலிக்கான் வகை நீர்விலக்கி: பூச்சு இல்லாத செங்கல் சுவர், கல் சுவர்களுக்கு. நிறம் மாறாது. நீராவி வெளியேறும். விரிசலை மட்டும் மூடாது.

துளையிட்டுச் செலுத்தும் மருந்து: தரையிலிருந்து ஏறும் ஈரத்துக்கு. பேஸ்மட்டத்துக்குச் சற்று மேலே வரிசையாகத் துளை போட்டு, சுவருக்குள் தடுப்பு வரிசை உண்டாக்கும் முறை இது. பழக்கமான ஆள் வேண்டும். உப்பு ஏறிய பழைய பூச்சை, ஈரம் தெரியும் உயரத்துக்கு மேலும் ஓர் அடி வரை கொத்தி எடுத்துவிட்டு, புதுப் பூச்சுப் பூச வேண்டும்.

உள்சுவர் ஓதத் தடுப்புப் பூச்சு: கடையில் எளிதில் கிடைப்பது. லேசான ஈரத்தை மறைக்க உதவும், மூல காரணத்தைத் தீர்க்காது. வேறு வழியே இல்லாத இடத்தில் கடைசியாக யோசிக்க வேண்டியது.

வெள்ளைச் சிமெண்ட் பட்டி சுவரை வழவழப்பாக்கும், அவ்வளவுதான். அதை ஓதத்துக்கு மருந்தாக நினைக்காதீர்கள்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடுகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. அந்தச் சுவர்கள் ஈரத்தை வாங்கி, மெல்ல வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசியும் ரப்பர் போன்ற பூச்சு அடித்தும் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லை அரிக்கும். அங்கே சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையடிப்புமே நல்லது.

காசே இல்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. மாடித் தண்ணீர் போகும் வழியில் அடைத்திருக்கும் இலையை எடுங்கள். சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணையும் பூந்தொட்டியையும் அகற்றுங்கள். துணி துவைக்கும் தண்ணீர் சுவரோரம் தேங்காமல் வாட்டம் கொடுங்கள். பல வீடுகளில் பாதி ஓதம் இதிலேயே அடங்கிவிடும்.

பாடம் 5: லிட்டர் விலை அல்ல, சதுர அடி விலை

இரண்டு டப்பாக்களை ஒப்பிடும்போது லிட்டர் விலையை மட்டும் பார்ப்பதுதான் பொதுவான தவறு. கீழே உள்ள விலைகள் கணக்குப் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கடை விலையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

சுவர் 12 அடி நீளம், 10 அடி உயரம்: 120 சதுர அடி. ஜன்னல் 4-க்கு 4: 16 சதுர அடி. மீதி 104. சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் சுமார் 115 சதுர அடி.

முதல் டப்பா: 4 லிட்டர் ரூ.1,600. இரண்டு கோட்டுக்கு லிட்டர் ஒன்றுக்கு 20 சதுர அடி வரும். லிட்டர் ரூ.400. சதுர அடிக்கு ரூ.20.

இரண்டாவது டப்பா: 4 லிட்டர் ரூ.2,200. இரண்டு கோட்டுக்கு லிட்டர் ஒன்றுக்கு 35 சதுர அடி வரும். லிட்டர் ரூ.550. சதுர அடிக்கு ரூ.16-க்கும் சற்றுக் குறைவு.

முதல் வகையில் நமக்கு 5.75 லிட்டர் தேவை. 4 லிட்டர் டப்பா ஒன்று, ரூ.430 வீதம் 1 லிட்டர் டப்பா இரண்டு, ஆக ரூ.2,460. இரண்டாவது வகையில் 3.3 லிட்டர் போதும். ஒரே டப்பா, ரூ.2,200. விலை கூடியதாகத் தெரிந்த டப்பாதான் முடிவில் ரூ.260 மிச்சம்.

இந்தக் கணக்கில் மூன்று இடங்களில் ஏமாற வாய்ப்பு உண்டு.

டப்பாவில் எழுதிய பரப்பளவு ஒரு கோட்டுக்கா, இரண்டு கோட்டுக்கா என்று பாருங்கள். ஒரு டப்பாவில் ஒரு கோட்டுக் கணக்கும் இன்னொன்றில் இரண்டு கோட்டுக் கணக்கும் இருந்தால் ஒப்பீடே தப்பாகிவிடும்.

அந்தப் பரப்பளவு வழவழப்பான சுவருக்குச் சொன்னது. சொரசொரப்பான வெளிச்சுவர் கூடுதலாக உறிஞ்சும்.

கிலோவும் லிட்டரும் ஒன்றல்ல. நீர்க்காப்புப் பூச்சுகள் பலவும் தண்ணீரைவிடக் கனமானவை. ஒரு லிட்டர் 1.3 கிலோ என்றால், 20 கிலோ வாளிக்குள் இருப்பது 15 லிட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 20 லிட்டர் வாளியோடு அதை அப்படியே ஒப்பிடாதீர்கள்.

பாடம் 6: டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளின்படி, தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், ஆண்டு, எம்.ஆர்.பி., நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். லிட்டருக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்ற அலகு விலையும் பாருங்கள். நம் கணக்குக்கு அது கைகொடுக்கும். எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம். "ஜி.எஸ்.டி. தனி" என்று அதற்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

சிமெண்டில் கலக்கும் நீர்க்காப்புப் பொருளுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2645. டப்பாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் கீழ் உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால், உரிமம் யாருடையது, இப்போது நடப்பில் இருக்கிறதா என்று கடையில் நின்றபடியே தெரிந்துகொள்ளலாம். எல்லா வகைப் பூச்சுக்கும் இந்த முத்திரை இருக்காது. இல்லாதவற்றுக்கு நிறுவனத்தின் தொழில்நுட்பக் குறிப்புத் தாளை இணையத்தில் எடுத்து, எத்தனை கோட்டு, எவ்வளவு பரப்பு, எந்த இடத்துக்கு என்று படியுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சில டப்பாக்களில் பெயிண்டருக்கென்று டோக்கனோ, ஸ்கேன் செய்து சேர்க்கும் புள்ளியோ இருக்கும். அது அவருக்கான வியாபாரச் சலுகை. ஆனால் "இந்த கம்பெனிதான் வேணும்" என்று அவர் அடம்பிடித்தால், நீங்கள் சதுர அடிக் கணக்கைக் காட்டிக் காரணம் கேளுங்கள்.

பாடம் 7: கூலியும் கொட்டேஷனும்

ஓத வேலையில் பொருளைவிடக் கூலி அதிகமாவது சகஜம். இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கினாலும் சரி. பழைய பூச்சுக் கொத்துவது, குப்பை அள்ளுவது, விரிசல் அடைப்பது, புதுப் பூச்சு, பொருளின் பெயரும் அளவும், எத்தனை கோட்டு, சாரம் கட்டும் செலவு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கட்டும். "மொத்தமா இவ்வளவு" என்ற ஒற்றை வரிக் கொட்டேஷனை ஒப்பிடவே முடியாது.

வாரண்டி என்றால், பொருளுக்கா, வேலைக்கா, இரண்டுக்குமா என்று கேளுங்கள். பணத்தில் ஒரு பகுதியை, வேலை முடிந்து தண்ணீர் அடித்துச் சோதித்த பிறகு தருவதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழைக்கு நடுவில் ஈரச் சுவரில் அடித்த பூச்சு கொப்புளம் விடும். மாசி முதல் வைகாசி வரை வேலைக்கு நல்ல காலம். புதுச் சிமெண்ட் பூச்சை நன்றாக நீராற்றி, 28 நாள் விட்டுப் பெயிண்ட் அடியுங்கள். நன்றாக ஊறிப்போன ஒன்பது அங்குலச் சுவர் முழுதாகக் காய மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டால் மறுபடியும் செலவு.

பாடம் 8: ஏமாற்றப்பட்டால்

பில், டப்பாவின் படம், கொட்டேஷன், முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆகியவற்றைப் போனில் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். முதலில் கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தமிழிலும் பேசலாம். எம்.ஆர்.பி.க்கு மேல் விலை, அளவுக் குறைவு போன்றவற்றுக்கு மாநிலத் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் தரலாம்.

அதற்கும் மேல் போக வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே மனுத் தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். பில் வாங்காமல் "ரெண்டாயிரம் கம்மி" என்று வாங்கியவருக்கு இந்த வழிகள் எல்லாமே கடினமாகிவிடும் என்பதை மறக்காதீர்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்

1. ஈரத்தின் உயரம், பின்பக்கம் என்ன இருக்கிறது, மழையோடு கூடுகிறதா: மூன்றையும் எழுதிவிட்டேனா?
2. நான்கு சோதனைகளில் பொருந்துவதைச் செய்தேனா?
3. செலவு என்னுடையதுதானா?
4. தண்ணீர் நுழையும் பக்கத்துக்கான பொருளைத்தான் கேட்கிறேனா?
5. இரண்டு கோட்டுக்குச் சதுர அடி விலை கணக்கிட்டேனா?
6. எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், உரிம எண் பார்த்தேனா?
7. சுவர் காய்ந்துவிட்டதா?
8. பில் வாங்கினேனா?

எட்டுக்கும் "ஆமாம்" என்று சொல்ல முடிந்தால் கடைக்குப் போங்கள். அங்கே போய், "நல்லதா ஏதாவது குடுங்க" என்று கேட்காமல், "வெளிச்சுவரு, 115 சதுர அடி, மயிரிழை விரிசல், ரெண்டு கோட்டுக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களுக்குச் சொல்லும் பதிலும் மாறும்.